ஒரு தீக்குச்சி நேரம்

சிவகாசி அச்சகம் ஒன்றில் முனீஸ்வரி பக்கம் வடிவமைத்து வந்தாள். ஒருநாள் பட்டாசு ஆலை முதலாளி தனுஷ்கோடி அங்கே வந்தார். கூடவே அரசு ஆய்வாளரும் வந்தார். தீப்பிடித்தால் தப்பிக்கும் வழியைத் துண்டறிக்கையாக அச்சடித்துத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும்படி உத்தரவிட்டவர் அவர்தான்.

“மூணா மடிக்கிற தாளும்மா. முன்பக்கம் என் படம், திறந்தா எங்கப்பா படம், உள்ளே நான் விருது வாங்குற படம். எதுவும் சின்னதாகக் கூடாது. ஆனா கையில வாங்கின உடனே ஆளுங்களுக்கு வழி தெரியணும்,” என்றார் முதலாளி.

“அது முடியாதே, முதலாளி.”

“முடியலன்னா வேற அச்சகம் இருக்கு.”

முனீஸ்வரியின் தங்கை பஞ்சவர்ணம் அந்த ஆலையில்தான் வெடிமருந்து அடைத்துக்கொண்டிருந்தாள். அது முதலாளிக்கும் தெரியும்.

முனீஸ்வரி அவர் கேட்டபடியே செய்தாள். உள்ளே மடங்கும் பக்கத்தைத் தாள் பிதுங்காதபடி சற்று ஒடுக்கினாள். வழி சொல்லும் வரிகளை அதன் உட்புற ஓரத்தில் பொடி எழுத்தில் அடைத்தாள். ஆய்வாளர் பார்த்துக்கொண்டிருக்க, மாதிரியை மடித்து முதலாளி கையில் கொடுத்துவிட்டு, ஒரு தீக்குச்சியைக் கிழித்தாள்.

“இது அணையறதுக்குள்ள வழியக் கண்டுபிடிங்க.”

தனுஷ்கோடி திறந்தார். அப்பா சிரித்தார். அடுத்த மடிப்பையும் திறந்தார். விருது மின்னியது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடுவதற்குள் குச்சி அணைந்துவிட்டது.

“நீங்க இன்னும் உள்ளேதான் இருக்கீங்க, முதலாளி.”

ஆய்வாளர் சிரிக்கவில்லை. வழியை முகப்பில் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையிலேயே பஞ்சவர்ணம் தூக்குவாளியோடு திரும்பி வந்தாள். முதலாளி அவளை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்.

“உன் குச்சியால என் சோறு போச்சுக்கா,” என்று அழுதாள்.

முனீஸ்வரி அவள் கைகளைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தாள். பத்து விரலும் இருந்தன.