காக்கை ஏன் கூப்பிட்டுச் சாப்பிடுகிறது?

அந்தக் காலத்தில், காக்கை பேசுவது மனிதருக்கும் மனிதர் பேசுவது காக்கைக்கும் விளங்கிய நாளில், நாகப்பட்டினத்துக் காக்கை ஒன்று ஊர் பார்க்கும் ஆசையில் சயாமுக்குப் போகும் கப்பலில் தொற்றிக்கொண்டது. அப்போதெல்லாம் காக்கை யாரையும் கூப்பிடாது. இலையைக் கண்டால் இறங்கும், தின்னும், போய்விடும்.

கப்பல் போய்ச் சேர்ந்த அன்று அங்கே மிதவை விளக்குத் திருநாள். அந்தியிலேயே முழுநிலா ஏறிவிட்டது. ஆற்றங்கரை முழுக்க ஜனம். ஆளுக்கொரு வாழைமரத் துண்டு, அதைச் சுற்றி மடித்த வாழையிலை, நடுவே பூ, ஊதுபத்தி, மெழுகுவர்த்தி.

காக்கைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நாகையில் வீட்டுக்கு ஒரு கைப்பிடி சோறு வைப்பார்கள். இங்கே ஊரே திரண்டு, விளக்கேற்றி, இலை போட்டிருக்கிறது!

"வெளியூர்க்காரன்னா என்ன மரியாதை!" என்று சிலிர்த்துக்கொண்டது.

கரையில் மாலி என்ற படகுக்காரி தன் மிதவையை நீரில் விட்டுக் கைகூப்பினாள். "ஆத்தம்மா, வருஷம் பூரா உன்மேல குப்பையைக் கொட்டியிருக்கேன். மன்னிச்சுக்க. நாளைக்கு என் புதுப் படகு உன்னை நம்பித்தான் இறங்குது."

விளக்கு அணையாமல் ஆற்று வளைவைத் தாண்டினால் ஆறு மன்னித்துவிட்டது என்று அவள் நம்பினாள். வளைவுக்குப் பத்து முழம் இருக்கையில் காக்கை அதன்மேல் ஜம்மென்று வந்து உட்கார்ந்தது. பூவைக் கொத்தியது, ருசியில்லை. மெழுகுவர்த்தியைப் புதுவகை முறுக்கு என்று நினைத்து வாய் வைத்ததுதான் தாமதம், அலகு சுட்டுவிட்டது. குதித்த குதியில் மிதவை சாய்ந்து விளக்கு அணைந்தது.

"அடப்பாவி! அது ஆத்துக்கு வெச்சது!" மாலி அழுதேவிட்டாள். "இனி எந்தத் தைரியத்துல படகை இறக்குவேன்?"

காக்கையை வெட்கம் பிடுங்கித் தின்றது. "எங்க ஊர்ல இலை போட்டா முதல்ல எனக்குத்தாம்மா வைப்பாங்க..." என்று முனகியது. பிறகு மாலியின் ஊதுபத்தியை உருவி, பக்கத்து மிதவையின் சுடரில் பற்றவைத்துக் கொண்டுவந்து அவள் விளக்கை ஏற்றியது. அலகோரத்து இறகு கருகியது. அப்படியும் விடாமல் மிதவையை அலகால் தள்ளித் தள்ளி வளைவைத் தாண்டவைத்தது.

மாலி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "இனிமே எதைக் கொத்துறதா இருந்தாலும் நாலு பேரைக் கேட்டுட்டுக் கொத்து, சாமி!"

அன்று முதல்தான் காக்கை எந்த இலையைக் கண்டாலும் சட்டென்று தொடாமல், தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு ஊரைக் கூட்டுகிறது. பகிர்ந்துண்ணும் பெருந்தன்மை என்று நாமும் மெச்சிக்கொள்கிறோம். அதற்கோ, முதலில் வேறு யாராவது வாய் வைக்கட்டும் என்ற ஒரே எண்ணம்தான்.