ஐயரம்மா பக்கத்து இடம்

"'அம்மாவை இங்கேயே விட்டுட்டுப் போ, பக்கத்து இடம் ஐயருக்குத்தான்'னு சொன்னீங்களேக்கா. இப்ப அந்த இடத்துல படுத்திருக்கது யாரு?"

பியூலா இதை மூன்றாவது முறையாகக் கேட்டாள். பெத்தேல்விளைக் கல்லறைத் தோட்டத்து வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. உள்ளே அவள் அப்பா, ஞானாபரணம் ஐயர். அந்தச் சபையில் பதினோரு வருஷம் போதகராக இருந்து ஓய்வுபெற்றுப் போனவர். எதிரே பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர் தெபோராள், கையில் ரோஜா மாலையோடு நின்றாள். 

வாக்குக் கொடுத்தவள் அவள்தான். ஒன்பது வருஷத்துக்கு முன் விஷக்காய்ச்சல் ஊரைப் படுக்கப் போட்டபோது, பியூலாவின் அம்மா, ஐயரம்மா, வீடு வீடாகக் கஞ்சி கொண்டுபோனார். தெபோராளின் புருஷன் அந்தக் கஞ்சியில்தான் பிழைத்து எழுந்தான். அதே காய்ச்சலில் விழுந்த ஐயரம்மா எழவில்லை. "அம்மாவைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோறேன்" என்று பியூலா ஒற்றைக்காலில் நின்றாள். அப்போது தெபோராள் நிறைந்த கோயிலில் எழுந்து, "உங்கம்மா எங்களுக்காகப் போனவங்க. கல்லறைத் தோட்டத்துல மேட்டிடம் அவங்களுக்கு. பக்கத்து இடம் ஐயருக்கு. இது நான் கொடுக்கிற வாக்கு" என்றாள். சபை முழுக்க ஆமென் சொன்னது. மகள் அடங்கினாள்.

நாலு வருஷத்துக்கு முன் பெருவெள்ளம். கல்லறைத் தோட்டத்தின் கீழ்த்தரை முழுக்க இடுப்பளவு தண்ணீர். பாலம் உடைந்து பாதையும் இல்லை, கரண்டும் இல்லை. பனையேறி தங்கப்பழம் செத்து இரண்டு நாள் ஆகிவிட்டது. காய்ந்த மண் என்று இருந்தது மேட்டில் ஐயரம்மா பக்கத்து அந்த ஒரே இடம்.

"தோண்டுங்க" என்றார் புதிதாக வந்திருந்த ஜெப்ரி ஐயர். "செத்தவனுக்கு இன்னைக்கு மண் வேணும்."

"அது ஐயர் இடம். என் உசிரு போனாலும் விடமாட்டேன்" என்றாள் தெபோராள்.

தங்கப்பழத்தின் மனைவி எஸ்தர்கனி இன்னும் ஒரு படி மேலே போனாள். "ஐயரம்மா ஊத்துன கஞ்சியக் குடிச்ச வீடு எங்க வீடும்தான். ஐயர் இடத்த நாங்க புடுங்க வேண்டாம். தண்ணி வடியட்டும்." அதற்குள் பிண வாடையில் வீட்டு வாசலில் யாரும் நிற்க முடியாதபடி ஆகியிருந்தது.

கடைசியில் ஜெப்ரி ஐயர் போனில் ஞானாபரணம் ஐயரையே கூப்பிட்டார். மூன்று பேரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"இதுக்கா ரெண்டு நாளு பொணத்த வச்சிக்கிட்டுச் சண்ட போடுதீய? அந்த எடம் எனக்குத்தானே குடுத்தது? நான் தங்கப்பழத்துக்குக் குடுத்துட்டேன். போங்க, அடக்கம் பண்ணுங்க." கொஞ்ச நேரம் இருமினார். "எனக்கு ஒரே ஒரு உபகாரம் செய்யுங்க. பியூலாகிட்ட இதச் சொல்லிருங்க. நான் சொன்னா என்னப் பேசியே கொன்னுருவா. எனக்குத் தைரியம் இல்ல."

முப்பது வருஷம் பிரசங்கம் செய்த வாய் அது!

"சரிங்கய்யா" என்றார்கள் மூன்று பேரும்.

அதன் பிறகு நன்றிக்கு ஒரு குறைவும் இல்லை. வருஷந்தோறும் ஐயர் குருப்பட்டம் பெற்ற நாளில் பொன்னாடை போனது. கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் கருப்பட்டியும் போயின. எஸ்தர்கனி புருஷனுக்குப் பூ வைக்கும்போதெல்லாம் ஐயரம்மாவுக்கும் வைத்தாள். பார்சல்களைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவள் பியூலா. அந்த ஒரு சேதி மட்டும் எந்தப் பார்சலிலும் போகவில்லை.

தெபோராள் நினைத்தாள்: சபைக் காரியம், ஜெப்ரி ஐயர் முறைப்படி கடிதம் எழுதுவார். ஜெப்ரி ஐயர் நினைத்தார்: பொம்பளைக்குப் பொம்பளை சொன்னால் பக்குவமாக இருக்கும். எஸ்தர்கனி நினைத்தாள்: இடத்தை வாங்கிக்கொண்ட நான் எந்த முகத்தோடு சொல்ல? நேற்று பியூலா, "அப்பா தவறிட்டாங்க, அம்மாகிட்ட கொண்டு வாறேன்" என்று போன் செய்தபோதுகூட, "வாங்கம்மா, பேசிக்கலாம்" என்றுதான் ஜெப்ரி ஐயருக்குச் சொல்ல வந்தது.

இப்போது கீழ்த்தரையில் வேண்டிய அளவு இடம் இருக்கிறது. பியூலாவுக்கு அது வேண்டாம். அம்மாவின் குழியையே திறக்கலாமென்றால், பதினாலு வருஷம் முடியாமல் எந்தக் கல்லறையையும் திறக்கக்கூடாது என்பது சபையின் சட்டம்.

இடத்தைக் காத்தவள் ஒருத்தி. தோண்டச் சொன்னவர் ஒருவர். வேண்டாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டவள் ஒருத்தி. இந்த மூவரில் ஞானாபரணம் ஐயருக்கு நன்றி செய்யத் தவறியவர் யார்?

இடத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது அவர் மனதறிந்து கொடுத்தது. போனதில் அவருக்கு வருத்தம் இல்லை. தான் பயந்த வேலையை அடுத்தவர் தலையில் கட்டிய குறை அவருக்கும் உண்டு. ஆனாலும் பதினோரு வருஷத்துக்கு ஈடாக அவர் கேட்டது ஒரு வாக்கியம். மூன்று பேருமே கடன்காரர்கள்தான். முதல் ஆள் தெபோராள். நிறைந்த கோயிலில் எழுந்து வாக்குக் கொடுக்கத் தெரிந்தவளுக்கு, அது போய்விட்டது என்று சொல்லும் கடமையும் உண்டு. வேறு யார் அதைச் சொல்லியிருந்தாலும் செய்திதான். அவள் சொல்லியிருந்தால்தான் மன்னிப்பு.

அன்றைக்குக் கல்லறை வாசலில்தான் தெபோராள் சொன்னாள். வெள்ளம், போன், ஐயரின் இருமல், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். பியூலா முழுவதும் கேட்டாள். "அப்பா கொடுத்தாங்கன்னா சரிதான்க்கா. நாலு வருஷம் உங்க கருப்பட்டியில காப்பி போட்டு அவங்களுக்குக் கொடுத்தேன்" என்று சொல்லிவிட்டு ஆம்புலன்ஸில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

தெபோராள் மாலையைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினாள். "பியூலா, அம்மா காலடியில நடைபாதை இருக்கு. பாதையையே தோண்டித் தரச் சொல்லுதேன். ஐயரக் கொண்டுபோயிராத. இறங்கும்மா."

வண்டி பின்னால் நகர்ந்து, வந்த வழியே திரும்பியது.