நாற்பத்தோராயிரம் பேரிங்

கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு பம்ப்செட் கம்பெனி. புத்தியைத் தவிர மற்ற உதிரிப்பாகமெல்லாம் அங்கே கிடைக்கும் என்று ஊரில் பேச்சு. அதன் ஸ்டோர் கீப்பர் ஆறுக்குட்டி. பதினெட்டு வருஷ சர்வீஸ். பாவம், நல்ல மனுஷன்.

போன மாதம் முதலாளியம்மா பேரிங் இருக்கிறதா என்று கேட்டதற்கு, "நெறையக் கெடக்குதுங்க" என்று சொல்லிவிட்டார். கிடந்தது பதினொன்று. இரண்டு நாள் கம்பெனியே நின்றுபோனது. அம்மாவுக்கு வந்ததே கோபம்!

"புதுச் சரக்கு வந்திருக்கு. ரெண்டு ரூமையும் ஒண்ணு விடாம எண்ணுங்க. எண்ணினதை அடுத்த ரூமுக்கு மாத்திடுங்க, எண்ணாததோட கலக்கக் கூடாது. சனிக்கிழமை எனக்கு நம்பர் வேணும். யாரு கணக்குல ஒரு பேரிங் குறைஞ்சாலும் அந்த ஆளுக்கு இங்க வேலை கிடையாது!"

ஆறுக்குட்டி உடனே இடது ரூமில் தான் உட்கார்ந்தார், வலது ரூமில் ஹெல்பர் நாச்சிமுத்துவை உட்கார வைத்தார். இவர் ஒன்றை எண்ணி அங்கே கொண்டுபோய் வைப்பார். அவன் ஒன்றை எண்ணி இங்கே கொண்டுவந்து வைப்பான். சாயங்காலம் சங்கு ஊதும்போது நாலாயிரத்தைத் தாண்டியிருந்தார்கள். இரண்டு ரூமும் நிறைந்தேதான் இருந்தது.

"ஏனுங்ண்ணா, எடுக்க எடுக்க வந்துட்டே இருக்குதே?"

"ராசியான கம்பெனியப்பா. சும்மாவா அம்மா எண்ணச் சொல்லுச்சு?"

"இந்த பேரிங்கை எங்கியோ பாத்தாப்ல இருக்குதுங்ண்ணா."

"பேரிங்குன்னா எல்லாம் ஒரே சாடைதான். பேசாம எண்ணு."

மறுநாள் வாசற்படியில் இருவர் மண்டையும் முட்டிக்கொண்டது. அரைமணி நேரம் கலந்து பேசி, தரையில் சாக்பீஸால் நடுக்கோடு கிழித்து, போகிறவர் இடப்பக்கம், வருகிறவரும் அவரவர் இடப்பக்கம் என்று தீர்மானம் போட்டார்கள். பேக்கிங்கிலிருந்து ஆறு பேரைக் கூட்டிவந்து இரண்டு ரூமுக்கும் பிரித்துவிட்டார் ஆறுக்குட்டி. அப்புறம் பார்க்கணுமே வேகத்தை!

சனிக்கிழமை அம்மா முன்னால் பயந்து பயந்து சீட்டை நீட்டினார். நாற்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு. "இன்னும் முடியலீங்க" என்றார்.

அம்மா எழுந்து நேரே ஸ்டோருக்குப் போனார். எட்டுப் பேரையும் சுவரோரம் நிற்க வைத்துத் தானே உட்கார்ந்து எண்ணினார். ஒரே மணி நேரம்.

"நானூத்திப் பதிமூணு" என்றார். "பில்லுலயும் அதேதான்."

எட்டுப் பேரும் கூடிக் குசுகுசுவென்று பேசினார்கள். ஆறுக்குட்டிக்குக் கண் நிறைந்துவிட்டது. வேலை பிழைத்தது என்ற சந்தோஷம் ஒரு பக்கம், அம்மாவை நினைத்து வருத்தம் மறுபக்கம்.

"அம்மா, எங்க கையில நாப்பத்தோராயிரமா இருந்துச்சு. நீங்க ஒரு மணி நேரம் உக்காந்தீங்க, நானூறு ஆயிப்போச்சு. ஒண்ணு ரெண்டுன்னா நானே மறைச்சிருப்பேனுங்க" என்று மூக்கை உறிஞ்சினார். "என்ன பண்றதுங்க, சட்டம் நீங்க போட்டது. திங்கக்கிழமையிலிருந்து நீங்க வேலைக்கு வர வேண்டாமுங்க."

நாச்சிமுத்து ஓடிப்போய் அம்மாவின் டிபன் கேரியரை எடுத்துவந்து, மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினான்.