நுரைக்காத சோப்பும் மூன்று வாக்குமூலங்களும்

முழுவதும் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள். நடுவில் கோபம் வந்தால் அடக்க வேண்டாம். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கே வயிறு எரிகிறது.

கள்ளிமேட்டுப்புதூர் என்றொரு ஊர். பதினெட்டாயிரம் பேர் குடிப்பது ஆற்றுத் தண்ணீர். கரையில் இருக்கும் நீரேற்று நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக பம்ப் ஆபரேட்டர் மாரப்பன். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், ஆற்றின் மேல்பக்கம், துணி வெளுக்கும் ஆலை ஒன்று. அதன் கழிவுநீர் கறுத்திருக்காது, நாறாது. பார்த்தால் ஊற்றுநீர் என்று அள்ளிக் குடித்துவிடுவீர்கள். உள்ளே இருப்பது அமிலமும் பிளீச்சிங் பவுடரும். அதில் ஒரு சொட்டுகூட ஆற்றில் விடக்கூடாது என்று உத்தரவு. அதனால் ஆலைக்குப் பின்னால் மண்கரை போட்ட பெரிய தொட்டியில் தேக்குகிறார்கள். அந்தக் கரைக்குக் கீழே நாற்பது வீடுகள்.

ஐப்பசி மாதம் ஒரு புதன்கிழமை மாலை புயல் எச்சரிக்கை வந்தது. மறுநாள் காலை, ஆற்றில் ஓட்டல் துணி துவைக்கும் பாவாயி நீரேற்று நிலையத்துக்கு ஓடிவந்தார்.

"ஏனுங்கண்ணா, மொத ஈடு நல்லாத்தான் நொரைச்சுது. இப்ப சோப்புப் போட்டாத் தயிராட்டம் திரியுது. கையெல்லாம் எரியுதுங்க. பம்பை நிறுத்துங்க."

மாரப்பன் ஆற்றுநீரை ஒரு வாளியில் மொண்டு தன் சோப்பைக் கரைத்துப் பார்த்தார். திரிந்தது. உதவிப் பொறியாளர் தயாளனுக்கு போன் செய்தார்.

"சோப்பு நுரைக்கலைன்னு பம்பை நிறுத்த முடியுமா மாரப்பன்? லேப் ரிப்போர்ட் இல்லாம நிறுத்தக் கூடாதுன்னு சர்க்குலர் இருக்கு. சாம்பிள் எடுக்க ஆள் அனுப்பறேன்."

"ரிப்போர்ட் எப்பங்க சார் வரும்?"

"மூணு நாள் ஆகும்."

"அதுக்குள்ள ஊரே குடிச்சிருமுங்களே."

"சர்க்குலரை மீற எனக்கு அதிகாரம் இல்லை." போன் வைக்கப்பட்டது.

மாரப்பன் பம்பை நிறுத்தினார். பதிவேட்டில் காலை ஒன்பது நாற்பது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். மறைத்துச் செய்யத் தெரியாத மனிதர்.

அன்று பிடித்த மழை மூன்று நாள் பெய்து ஆறு இருகரையும் தொட்டது. சாம்பிள் எடுக்க ஆள் வந்தது சனிக்கிழமை. வெள்ளத்தில் மொண்ட தண்ணீரில் சேறு இருந்தது, விஷம் இல்லை. ரிப்போர்ட் வந்த பிறகுதான் பம்பு ஓடியது. அதுவரை ஊர் தண்ணீருக்குத் தவித்தது. அரசு மருத்துவமனையில் இரண்டு அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப்போயின. காலிக் குடங்களோடு மறியல் செய்தவர்கள், போகிற போக்கில் மாரப்பன் வீட்டு வாசலில் நின்று அவர் மனைவியை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள்.

நகராட்சி அலுவலகத்தில் விசாரணை நடந்தது. மாரப்பனின் வேலை போகுமா, நிற்குமா என்பதுதான் அங்கே தெரிய வேண்டியிருந்தது. மூன்று பேர் வாக்குமூலம் கொடுத்தார்கள்.

ஆலை மேலாளர் நவநீதன் சொன்னது: "மழை கொட்டி எங்க தொட்டி தளும்பிருச்சு சார். கரை உடைஞ்சா நாப்பது வீடு போயிருக்கும். வேற வழியில்லாம வால்வைத் திறந்துவிட்டேன். அத்தனை பெரிய வெள்ளத்துல அது கரைஞ்சு போயிருச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகலையே."

நீரேற்று நிலையத்துக்கு ஏன் தகவல் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அந்த அவசரத்துல யாரைப் பிடிக்கறது சார்?" என்றார்.

தயாளன் சர்க்குலரின் நகலை நீட்டினார். அதுதான் அவருடைய வாக்குமூலம்.

மாரப்பன் சொன்னது: "ஊரு அதைக் குடிக்கக் கூடாதுன்னு நிறுத்தினனுங்க. தப்புன்னா தண்டனை குடுங்க."

சாட்சியாகப் பாவாயியையும் அழைத்திருந்தார்கள். "சோப்பை வச்சுத் தண்ணி டெஸ்ட் பண்ற படிப்பு எந்த காலேஜ்லம்மா?" என்றார் விசாரணை அதிகாரி. அறையே சிரித்தது. பாவாயி சிரிக்கவில்லை.

"மொத ஈட்டுல தொவைச்ச ரெண்டு பெட்சீட்டை மணல்ல காயப் போட்டிருந்தனுங்க. போட்டது போட்டபடி ஓடியாந்தேன். சாயங்காலம் வெள்ளம் அடிச்சுட்டுப் போயிருச்சு. ஓட்டல்காரருக்கு நாந்தானே பதில் சொல்லோணும்?"

"இது விசாரணைக்குச் சம்பந்தமில்லாதது" என்று அதிகாரி எழுத்தரின் பேனாவை நிறுத்தினார்.

தீர்ப்பு வந்தது. நாற்பது வீடுகளைக் காத்ததற்காக நவநீதனுக்குப் பாராட்டுக் கடிதம். விதிப்படி நடந்த தயாளனுக்கு ஒன்றுமில்லை. உத்தரவில்லாமல் ஊரைத் தவிக்கவிட்ட மாரப்பனுக்கு வேலைநீக்கம்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். வீடுகளைக் காக்க வால்வைத் திறந்தேன் என்றவர், விதியைக் காத்தவர், விதியை மீறிப் பம்பை நிறுத்தியவர் ஆகிய மூவரில் யார் செய்தது சரி? ஒருவர் சொன்னது பொய். அது யார், எதில் அகப்பட்டார்?

விடை: பாவாயி சொல்லி எழுத்தர் எழுதாமல் விட்ட பேச்சில்தான் அகப்பட்டார். கொட்டுகிற மழையில் யாராவது துணி காயப்போடுவார்களா? ஆலையோ கூப்பிடு தூரத்தில். அங்கே கொட்டிய மழை இங்கே மட்டும் பெய்யாமல் இருக்குமா? ஒன்பது நாற்பதுக்கு மழையும் இல்லை, வெள்ளமும் இல்லை, தொட்டி மழையால் தளும்பவும் இல்லை. மாதக்கணக்கில் தேக்கியதை, வரப்போகும் வெள்ளத்தின் தலையில் கட்டிவிடலாம் என்று எச்சரிக்கையை நம்பி மறுநாள் காலையிலேயே திறந்துவிட்டான் நவநீதன். மழை பிந்தியது, கழிவு முந்தியது. கரைய வெள்ளமே இல்லாத ஆற்றில் அது அப்படியே பம்பின் வாய்க்கு வந்தது. தயாளன் பொய் சொல்லவில்லை. ஆனால் மூன்று நாள் கழித்து வரும் காகிதத்துக்காக இன்றைக்கு ஊரைக் குடிக்கவிடத் துணிந்தவரைச் சரியென்று சொல்ல எனக்கு வாய் வராது. சரியாகச் செய்தவர் மாரப்பன் ஒருவர்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதையே அவருக்கு எதிரான சாட்சியாக்கினார்கள். அன்று ஊரில் நாலு பிணம் விழுந்திருந்தால் அவருக்கு இன்றும் வேலை இருந்திருக்கும்.