இளநீர்க் கூட்டாளி

"மாஸ்டர், எனக்குக் கூட்டாளியை மாத்திக் கொடுங்க" என்றார் தாண்டவராயன்.

பிலோமினா தலையைத் தூக்கவில்லை. தொட்டியில் முக்குளிப்பு உடைகளை அலசிக்கொண்டிருந்தார்.

"மறுபடியுமா அண்ணே?"

"மறுபடியும்தான்."

புதுச்சேரிக்குத் தெற்கே, கடலை ஒட்டி இருந்தது அந்த ஸ்கூபா பள்ளி. பிலோமினா அங்கே ஆசிரியை. வயதில் தாண்டவராயனைவிடச் சின்னவர். ஆனாலும் தண்ணீரில் இறங்குகிற எல்லாருக்கும் அவர் மாஸ்டர்.

தாண்டவராயன் விழுப்புரத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். காலையிலிருந்து சாயங்காலம் வரை அடுத்தவர் ஓட்டுவதைப் பார்த்துக் குறை சொல்வது அவருடைய தொழில். அதில் அவரை மிஞ்ச அந்த ஊரில் ஆள் கிடையாது.

முதல் நிலைப் பயிற்சியை அவர் எளிதாக முடித்துவிட்டார். அடுத்த நிலையில்தான் சிக்கல். அதில் ஆழத்துக்குப் போகவேண்டும். ஆழத்துக்குத் தனியாக யாரையும் விடமாட்டார்கள். இருவராக இறங்கி இருவராகவே ஏறவேண்டும்.

அந்த ஆழத்தில் ஒரு பழைய இரும்புப் படகு மூழ்கிக் கிடந்தது. அதன் ஜன்னல்களில் மீன்கள் புகுந்து புறப்படுமாம். தாண்டவராயன் தினமும் அந்தப் படகை நினைத்துக்கொண்டேதான் தூங்கினார்.

ஐப்பசி பிறந்தால் கடல் கலங்கிவிடும். பிறகு அடுத்த வருடம்தான். பயிற்சியும் முதலிலிருந்துதான்.

"நூருன்னிசாகிட்ட என்ன குறை?" என்று கேட்டார் பிலோமினா.

"ஆமை மாதிரி வர்றாங்க மாஸ்டர். நான் பாறைக்குப் போய்ச் சேர்ந்தா, அந்தம்மா அப்பத்தான் கிளம்புறாங்க."

"அதுக்கு முன்னாடி வந்த பேங்க்காரர்?"

"சிலிண்டர்ல இருக்குற காத்தை மொடக்கு மொடக்குன்னு குடிச்சிடுறார். அவரால நானும் சீக்கிரம் மேல வரவேண்டியதாப் போச்சு."

"அந்தச் சென்னைத் தம்பி?"

"அவனா? மீனைப் பார்த்தா போதும், பின்னாடியே ஓடிடுறான். கல்யாண வீட்டுல காணாமப் போற குழந்தையைத் தேடுற மாதிரி தேடவேண்டியிருக்கு."

பிலோமினா ஓர் உடையைப் பிழிந்து கொடியில் போட்டார்.

"அப்ப, உங்களுக்கு எப்படிப்பட்ட கூட்டாளி வேணும்?"

தாண்டவராயன் இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தார்.

"நான் போற இடத்துக்கு வரணும். மீனைத் துரத்தக்கூடாது. மண்ணைக் கிளப்பக்கூடாது. காத்தை வீணாக்கக்கூடாது. என்னைத் தொந்தரவு பண்ணாம, சிவனேன்னு கூட வரணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவேதான்."

"கிடைச்சாச்சு. காலையில வாங்க."

காலையில் படகில் ஓர் இளநீர் இருந்தது.

பச்சைக் காய். அதைச் சுற்றிச் சணல் கயிறு. கயிற்றில் ஒரு சின்ன ஈயக்குண்டு. காய் தண்ணீரில் மிதந்துவிடவும் கூடாது, முழுகிவிடவும் கூடாது. அந்த அளவுக்குப் பார்த்துப் பார்த்துக் கட்டியிருந்தார் பிலோமினா.

"இதுதான் உங்க கூட்டாளி" என்றார்.

தாண்டவராயன் இளநீரைப் பார்த்தார். மாஸ்டரைப் பார்த்தார்.

"விளையாடுறீங்களா?"

"நீங்க கேட்டதுல எது இதுகிட்ட இல்ல, சொல்லுங்க."

அவர் யோசித்தார். ஒன்றும் அகப்படவில்லை.

படகோட்டி கபிரியேல் சுக்கானைப் பிடித்தபடி சொன்னார்: "குடும்பம் எந்த ஊருன்னு விசாரிச்சீங்களாண்ணே? பொள்ளாச்சிக் காயா இருந்தா ரொம்ப அமைதி."

நூருன்னிசா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கடலூரில் மருந்துக்கடை வைத்திருப்பவர் அவர். எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் எடுப்பார், கொடுப்பார். இன்றைக்கு அவருக்குக் கூட்டாளி மாஸ்டர்.

படகு நின்றது. ஆழம் அதிகமில்லாத இடம்தான். கீழே பாறைகள் மங்கலாகத் தெரிந்தன.

தண்ணீரில் குதிக்கும் முன்பு ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் மற்றவருடைய உடுப்பையும் வார்களையும் பார்ப்பார். காற்று எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார். கடைசியாக, முதுகில் இருக்கும் சிலிண்டரைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்குவார். அதைக் கட்டியிருக்கும் பட்டை காய்ந்திருக்கும்போது இறுக்கமாகத்தான் இருக்கும். நனைந்தால் தளர்ந்துவிடும். அதனால் நனைத்து இறுக்கிவிட்டுக் குலுக்குவது நல்லது.

நூருன்னிசா மாஸ்டருடைய சிலிண்டரை நிதானமாகக் குலுக்கினார். மாஸ்டர் நூருன்னிசாவுடையதைக் குலுக்கினார்.

தாண்டவராயன் இளநீரைக் குலுக்கினார். உள்ளே தண்ணீர் தளும்பியது.

"கூட்டாளி சரியா இருக்காரு" என்றார்.

"உங்களுடையதை யார் குலுக்கணும்?" என்று கேட்டார் பிலோமினா.

"கூட்டாளிதான்."

பிலோமினா இளநீரைப் பார்த்தார்.

"அதெல்லாம் இறுக்கமாத்தான் இருக்கு மாஸ்டர். போகலாம் போகலாம்" என்று சொல்லிக் குதித்துவிட்டார் தாண்டவராயன்.

கீழே எல்லாம் சுகமாக இருந்தது.

இளநீர் மீனைத் துரத்தவில்லை. மண்ணைக் கிளப்பவில்லை. மூச்சே விடவில்லை. அவருடைய இடுப்பில் மாட்டிய கயிற்றின் முனையில், அவர் போன பக்கமெல்லாம் சாதுவாக வந்தது.

இப்படி ஒரு கூட்டாளியை விட்டுவிட்டு இத்தனை நாள் மனிதர்களோடு மல்லுக்கட்டினோமே என்று நினைத்துக்கொண்டார்.

கயிறு சுண்டியது.

திரும்பினார். இளநீர் ஒரு பாறை இடுக்கில் மாட்டியிருந்தது. போய் எடுத்துவிட்டார்.

கொஞ்ச தூரம் போனார். மறுபடி சுண்டியது. இந்தத் தடவை கிழிந்த வலைத்துண்டு ஒன்றில் சிக்கியிருந்தது. அதையும் எடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு கயிறு சுண்டும்வரை அவர் காத்திருக்கவில்லை. தானாகவே அடிக்கடி திரும்பிப் பார்த்தார். வருகிறதா? வருகிறது. மாட்டிக்கொண்டதா? இல்லை. சரி.

அப்படித் திரும்பிய ஒரு நேரத்தில்தான் முதுகில் ஏதோ நழுவியது.

பட்டை தளர்ந்துவிட்டது. சிலிண்டர் கீழே சரிந்தது. வாயில் இருந்த குழாயை அது பின்பக்கமாக இழுத்தது. பற்களால் கடித்துக்கொண்டார். கையைப் பின்னால் கொண்டுபோனார். எட்டவில்லை. மறு கையைக் கொண்டுபோனார். அதுவும் எட்டவில்லை.

பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. கூட்டாளிக்குச் சைகை காட்டவேண்டும். உள்ளங்கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினால், 'எனக்கு ஏதோ சரியில்லை' என்று அர்த்தம்.

அவர் இளநீரைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

இளநீரும் கொஞ்சம் ஆடியது.

அந்த நேரத்தில் பின்னாலிருந்து யாரோ சிலிண்டரைத் தாங்கிப் பிடித்தார்கள். மேலே தூக்கினார்கள். பட்டை இழுபட்டது. 'டக்' என்று ஒரு சத்தம். வாயில் குழாய் பழையபடி நின்றது.

திரும்பினார்.

நூருன்னிசா. முகமூடிக்குள் அவருடைய கண்கள் சிரித்தன. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டினார். சரியாகிவிட்டது.

கை எட்டும் தூரத்தில் மாஸ்டர் மிதந்துகொண்டிருந்தார். கைகளைக் கட்டியிருந்தார்.

படகில் ஏறியதும் பிலோமினா கேட்டார்:

"கூட்டாளி எப்படிண்ணே?"

"குறை சொல்ல ஒண்ணும் இல்ல."

"அப்ப நாளைக்கு இதையே ஆழத்துக்கும் கூட்டிட்டுப் போறீங்களா?"

தாண்டவராயன் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த முகத்தையே மறுபடியும் துடைத்தார்.

"ஏம்மா நூருன்னிசா, பட்டை நழுவினது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"அது எப்பவும் நழுவுறதுதானேண்ணே."

"எப்பவுமா?"

"உங்ககூட இறங்கினப்பல்லாம் நான்தானே இறுக்கிவிட்டேன்? கொஞ்சம் இறங்கும்போதே பின்னாடி வந்து இழுத்து மாட்டிடுவேன். இன்னைக்கு உங்க கூட்டாளி பார்த்துக்குவாருன்னு இருந்துட்டேன்."

கபிரியேல் சிரிப்பை அடக்க முடியாமல் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லத்தான் பின்னாலயே வந்தேன். நீங்க திரும்பவே இல்லையே."

தாண்டவராயன் திரும்பி மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் இளநீரிலிருந்து சணல் கயிற்றை அவிழ்ப்பதில் மும்முரமாக இருந்தார்.

"சரி மாஸ்டர்" என்றார் கடைசியில். "நாளைக்கு நூருன்னிசாகூடவே போறேன்."

"அதை எங்கிட்ட ஏன் சொல்றீங்க?"

அவர் நூருன்னிசா பக்கம் திரும்பினார்.

"வர்றீங்களாம்மா?"

"யோசிக்கணும்ண்ணே" என்றார் நூருன்னிசா. "எனக்கும் ஆழத்துக்கு ஒரு நல்ல கூட்டாளி வேணும்ல?"

இரும்புப் படகு தாண்டவராயனின் மனத்துக்குள் மெல்ல மெல்ல மறையத் தொடங்கியது.

பிலோமினா முகத்தைத் தூக்கினார். நேற்று தாண்டவராயனிடம் கேட்டதையே, அதே குரலில், இப்போது நூருன்னிசாவிடம் கேட்டார்:

"உங்களுக்கு எப்படிப்பட்ட கூட்டாளி வேணும்?"

நூருன்னிசா அவசரப்படவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு தாண்டவராயனை ஒரு தடவை பார்த்தார். பிறகு இன்னொரு தடவை பார்த்தார்.

"இன்னைக்கு இந்த இளநீரை ஒருத்தர் பார்த்துப் பார்த்துக் கூட்டிட்டு வந்தாரே மாஸ்டர்" என்றார். "அவர் கிடைச்சா போதும்."

கபிரியேல் அரிவாளை எடுத்து இளநீரைச் சீவினார்.

"முதல்ல யாருக்கு?"

தாண்டவராயன் கை நீட்டவில்லை. "அந்தம்மாவுக்குக் கொடுப்பா" என்றார்.

மறுநாள் கடல் கண்ணாடி போலக் கிடந்தது.

இருவரும் குதிக்கும் முன்பு தாண்டவராயன் நூருன்னிசாவின் சிலிண்டரைக் குலுக்கினார். திருப்தியில்லை. பட்டையைத் தண்ணீரில் நனைத்து இறுக்கிவிட்டு மறுபடியும் குலுக்கினார்.

"போதும்ண்ணே, நான் விழுந்துடுவேன்" என்றார் நூருன்னிசா. பிறகு அவருடையதை நனைத்து இறுக்கிக் குலுக்கினார்.

இறங்கினார்கள். மாஸ்டர் அவர்களுக்குப் பின்னால் இறங்கினார்.

திரும்பி மேலே வந்தபோது கபிரியேல் கைகொடுத்து ஏற்றிவிட்டார். தாண்டவராயன் முகமூடியைக் கழற்றினார். மூக்கின்மேல் சிவப்பாகத் தடம் பதிந்திருந்தது. முகமெல்லாம் பல்லாக இருந்தது.

கபிரியேலுக்கு ஆவல் தாங்கவில்லை.

"என்னண்ணே, பார்த்தாச்சா? படகு எப்படி இருந்தது?"

"படகா?" என்றார் தாண்டவராயன். "ஆங், அதுவும் இருந்தது."

பிறகு பிலோமினாவின் பக்கம் குனிந்து, அவசரமாகச் சொன்னார்:

"மாஸ்டர், இந்தம்மாவோட இடது கால் துடுப்புல வார் விட்டுப்போகப் பார்க்குது. முதல்ல அதை மாத்திக் கொடுங்க."