சார் கார் ஓட்டுகிறார்

எங்கள் பூ மார்க்கெட் மாரிக்கனியை லேசாக நினைத்துவிடாதீர்கள். மார்க்கெட் மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தும் தேவசகாயம் சார் அப்படித்தான் நினைத்தார். சேர வந்தவளை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"பூக் கட்டுறவளுக்கு எதுக்கும்மா இங்கிலீஷ்? சரி, இப்போ நான் என்ன செய்றேன்னு பிரசன்ட் கன்டினியூஸ்ல சொல்லு. நான் தப்புன்னு சொல்லிட்டா, வந்த வழியே போயிடணும்."

எது சொன்னாலும் தப்பு என்பார் என்று வேடிக்கை பார்த்த எங்களுக்குத் தெரியும். அதற்குள் அவர் போன் அடித்தது. அவர் மனைவி.

"ஐ ஆம் டிரைவிங்!" என்று கத்திவிட்டு, போனை வாசலோர மேசையில் போட்டார். "ம், சொல்லு."

மாரிக்கனி போனை ஒரு பார்வை பார்த்தாள்.

"சார், யூ ஆர் டிரைவிங்."

"தப்பு! இங்கே நின்னுக்கிட்டுல்ல இருக்கேன்? காரு எங்கே இருக்கு?"

"அதை அக்காகிட்டயும் சொல்லிடுங்க சார். லைன் இன்னும் கட் ஆகலை."

"அப்போ நீங்க கார்ல இல்லையா?" என்று போன் கேட்டது.

சார் பாய்ந்து எடுத்தார். "ஓட்டிக்கிட்டுதான்மா இருக்கேன்! அந்தப் பொண்ணு சொன்னதுதான் ரைட்டு!"

மாரிக்கனி நிமிர்ந்து நடந்துபோய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.