சேற்றை அளந்த வகுப்பு

சுனைக்காட்டு அரசுப் பள்ளிக்கூடத்தில் நாரைதான் டீச்சர். பாவம், அந்த வாரம் அவளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை காட்டுப்பன்றி அதிகாரி ஆய்வுக்கு வருகிறார்! அளவைப் பாடமோ மூன்று மாதமாக நொண்டிக்கொண்டிருந்தது. "ஒரு முழத்துக்கு எத்தனை சாண்?" என்று கேட்டால் வகுப்பே கூரையைப் பார்க்கும். பிள்ளைகள் தேறாவிட்டால் பள்ளிக்கூடத்தையே மூடிவிடுவேன் என்று அதிகாரி போன முறை உறுமிவிட்டுப் போயிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் மான்குட்டி பூவரசன் அழுதுகொண்டே வந்தான்.

"என்னடா ராசா?"

"என் தங்கச்சி குளத்துச் சேத்துல மாட்டிக்கிட்டா டீச்சர்! எருமை மாமாதான் காதைக் கவ்வி வெளியே இழுத்துப் போட்டாரு. இனிமே குளத்துப் பக்கமே போகக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. வேற தண்ணி எங்க டீச்சர் இருக்கு?"

கோடைக்காலம். குளம் வற்றிக் கரை முழுக்கச் சேறு. மேலோட்டமாகப் பார்த்தால் காய்ந்த தரை மாதிரிதான் தெரியும். கால் வைத்தால் ஆளையே விழுங்கும்.

நாரைக்கு மனசு கேட்கவில்லை. அன்று சாயங்காலமே, "அபாயம்! இறங்காதே!" என்று பெரிதாக எழுதி ஒரு பலகை நட்டாள். மறுநாள் அந்தப் பலகைக்கு நேர் கீழேயே கழுத்தளவு சேற்றில் ஒரு முயல்குட்டி கிடந்தது! எல்லோரும் சேர்ந்து இழுத்துக் கரை சேர்த்தார்கள்.

கீரிக்குட்டி அல்லி மெல்ல வாயைத் திறந்தாள். "டீச்சர், கோவிச்சுக்காதீங்க. விழறது எல்லாம் இன்னும் பள்ளிக்கூடமே சேராத வாண்டுங்க. அதுங்களுக்கு எழுத்துத் தெரியுமா?"

அட, ஆமாம்! நாரைக்கு வெட்கமாகப் போயிற்று. "அப்போ என்னடி செய்யலாம்?"

"எங்ககிட்ட விடுங்க! எங்கெங்க ஆழம்னு அளந்து, அங்கெல்லாம் முள்ளு வெட்டிப் போடறோம். ஆழமில்லாத இடத்துல வழி விடறோம்!"

"வெள்ளிக்கிழமை ஆய்வுடி, அல்லி!"

"அதுவரைக்கும் சேறு சும்மா இருக்குமா டீச்சர்?"

நாரை பள்ளிக்கூடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் சரி என்று தலையாட்டிவிட்டாள்.

குளத்தில் ஒரு குச்சியை விட்டு எடுத்து, சேறு ஒட்டிய நீளத்தை ஆளாளுக்குக் கையால் அளந்ததுமே சண்டை மூண்டது.

"சேறு எட்டு சாண்!" என்றாள் அல்லி.

"மூணு சாண்தான்!" என்றான் குரங்குக்குட்டி மாடன்.

"புளுகாதே!"

"நீதான் புளுகுறே!"

நாரை குறுக்கே பேசத் துடித்தாள். அலகை இறுக மூடிக்கொண்டாள். பிள்ளைகள் கத்தினார்கள், கையைக் கையோடு வைத்துப் பார்த்தார்கள். சட்டென்று பூவரசன் துள்ளினான். "அல்லி கை சின்னது, மாடன் கை பெருசு! எல்லாரும் ஒரே கையாலதான் அளக்கணும்!"

மாடனுடைய சாண் அளவுக்கு ஆளுக்கொரு குச்சி வெட்டிக்கொண்டார்கள். மூன்று மாதம் தொண்டை கிழியக் கத்தியும் ஏறாத பாடம் அரை நாள் சண்டையில் ஏறிவிட்டதே! நாரைக்குச் சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். வகுப்பு காலி!

"பிள்ளைங்க எங்கேம்மா?"

"கு... குளத்துல ஐயா."

"பாட நேரத்துல குளமா?" அவர் மூக்கால் சீறிக்கொண்டு நடந்தார். நாரை பின்னாலேயே ஓடினாள்.

கரை நெடுக முள்வேலி. நடுவே ஒரு வழி. பிள்ளைகள் தலை முதல் கால் வரை சேறு! அதிகாரி பூவரசனைப் பிடித்து நிறுத்தினார். "டேய், முழத்துக்கு எத்தனை சாண்?"

"ரெண்டு சாண் ஐயா. என் தங்கச்சி ஒரு முழ உயரம். அவ விழுந்த இடத்துல சேறு மூணு சாண்."

அதிகாரி மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவர் காது இரண்டும் தொங்கிப்போயின. பிள்ளைகள் விட்ட வழியில் அந்தத் தங்கச்சி தன்னந்தனியாக நின்று நிதானமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எவ்வளவு கரை பாக்கி?" என்று கேட்டார்.

"வடக்குக் கரை முழுக்க ஐயா!"

"அப்புறம் ஏன் நிக்கிறீங்க? ஓடுங்க!" நாரையிடம் திரும்பினார். "பள்ளிக்கூடம் நடக்கட்டும் டீச்சர்."

ஊரின் கஷ்டத்தைத் தீர்க்கப் பிள்ளைகளே முன்னால் இறங்கும்போதுதான் பாடம் அவர்கள் மனசில் ஊன்றுகிறது; பெரியவர்களே, அவர்களை நம்பி வழிவிடுங்கள்.